பட்டாளத்துக்காரரில் யார் வீரர்? வாசகர் கேள்வி பதில்

ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம். தரைப்படைக்கு இந்தியர்களிலிருந்து வந்த முதல் தலைமைத் தளபதி கரியப்பா 1953-ல் ஓய்வுபெற்ற நாள் அது. போகி, பொங்கல் வேலைகளுக்கு நடுவே நம் ஊர்களில் அது கவனிப்பாரின்றிக் கடந்துவிடும். இந்த முறை பட்டாளத்திலிருந்து வீடு திரும்பியவர்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் பதில்.

கேள்வி: எங்கள் ஊர்த் திருவிழா பேனரில், ராணுவத்தில் இருந்து வந்த அத்தனை பேரையும் 'மாவீரர்' என்று போட்டோம். ஒருவர் மட்டும், 'என் பெயருக்கு முன்னால் அதை எடுங்கள், நான் அப்படி ஒன்றும் செய்யவில்லை' என்று கோபித்துக்கொண்டார். பட்டாளத்தில் இருந்தாலே வீரர்தானே?
(குடியாத்தம் வாசகர்)

அவர் கோபம் நியாயமானது. அவர் இருந்த இடத்தில் அந்தச் சொல்லுக்கு எடை அதிகம். ராணுவத்துக்குள் வீரத்தை ஒரு மனிதரின் பொதுவான குணமாக யாரும் எழுதுவதில்லை. இன்ன தேதி, இன்ன இடம், இன்ன ஆபத்து, அப்போது இவர் இதைச் செய்தார், அதனால் இது நடந்தது என்றுதான் எழுதுவார்கள். அந்தத் தாளுக்கு சைட்டேஷன் என்று பெயர். பட்டாலியன் கமாண்டிங் ஆபீசர் எழுதி அனுப்ப, பிரிகேட், டிவிஷன், கோர், கமாண்ட், தலைமையகம், பாதுகாப்பு அமைச்சகம் என்று ஒவ்வொரு படியிலும் கேள்வி கேட்கப்பட்டுத்தான் குடியரசுத் தலைவரிடம் போகிறது. வழியில் பதக்கத்தின் தரம் குறைக்கப்படுவதும் உண்டு, தாளே நின்றுபோவதும் உண்டு.

இப்படி எழுதும் வழக்கம் நமக்குப் புதிதில்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த தமிழி (பழந்தமிழ்) எழுத்து நடுகற்களில் ஒன்றைப் பாருங்கள். கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில், விழுந்தவன், அவன் பெயர் அந்தவன். ஆள், ஊர், காரியம். அதற்குமேல் ஒரு புகழ்மொழியும் அந்தக் கல்லில் இல்லை.

சைட்டேஷனைப் படிக்கும்போது மூன்று விஷயங்களைத் தேடுங்கள். ஆபத்து தெரிந்தே இறங்கினாரா? செய்யாமல் விட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்களா? செய்ததால் மற்றவர்களுக்கு என்ன கிடைத்தது? எத்தனை எதிரிகளைக் கொன்றார் என்பது இந்த மூன்றில் இல்லை. 1948 ஏப்ரலில் ஜம்மு காஷ்மீரின் ரஜௌரிக்குப் போகும் சாலையைத் திறந்த ராம ரகோபா ராணே, பம்பாய் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவின் இளம் அதிகாரி. டாங்கிகள் முன்னேற வேண்டும். சாலை முழுக்கக் கண்ணிவெடி, வெட்டிச் சாய்த்த மரங்கள், மேலே மலையிலிருந்து துப்பாக்கிச் சூடு. காயம்பட்ட பிறகும் டாங்கிக்கு அடியில் தவழ்ந்து, கயிற்றை இழுத்து ஓட்டுநருக்குச் சைகை கொடுத்தபடி முன்னேறி, நாள்கணக்கில் தடைகளை அகற்றினார். அவருக்குக் கிடைத்தது பரம் வீர் சக்ரா. வழியைத் திறந்ததற்காகக் கொடுத்த பதக்கம் அது.

சாட்சி என்ற சிக்கலையும் சொல்ல வேண்டும். சைட்டேஷனுக்குக் கண்ணால் பார்த்தவர்களின் வாக்குமூலம் முக்கியம். ஒரு காவல் சாவடியில் இருந்த ஐந்து பேரும் இறந்துவிட்டால், அங்கே என்ன நடந்தது என்று எழுத ஆள் இல்லை. பதக்கம் இல்லாத வீரச் செயல்கள் நிறைய இருக்கும் என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் அதையே காரணமாக வைத்து, திரும்பி வந்த எல்லாருக்கும் 'மாவீரர்' என்று போட்டால், உண்மையிலேயே அப்படி ஒரு காரியம் செய்தவரை அந்தக் கூட்டத்தில் தொலைத்துவிடுவீர்கள்.

பேனரில் எல்லாருக்கும் 'முன்னாள் படைவீரர்' என்று போடுங்கள். அது அரசு ஏட்டில் இருக்கும் சொல், எல்லாருக்கும் பொருந்தும். வீரப் பதக்கம் பெற்றவர் இருந்தால் பெயருக்குக் கீழே பதக்கத்தின் பெயரையும் ஆண்டையும் போட்டு, மேடையில் அந்தச் சைட்டேஷனைத் தமிழில் வாசியுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

கேள்வி: ஒருவர் மார்பில் இரண்டு வரிசைப் பதக்கம் இருந்தால் அவர் பெரிய வீரர் என்று எடுத்துக்கொள்ளலாமா?
(திருச்சி வாசகி)

எண்ணிக்கையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அந்த இரண்டு வரிசையில் பெரும்பாலானவை, எவ்வளவு காலம் இருந்தார், எங்கெங்கே இருந்தார் என்பதைச் சொல்பவை. 9, 20, 30 ஆண்டுப் பணிக்குத் தனித்தனிப் பதக்கம் உண்டு. சுதந்திரத்தின் 25-ஆம், 50-ஆம் ஆண்டு நிறைவின்போது பணியில் இருந்தவர்களுக்கெல்லாம் பதக்கம் கொடுத்தார்கள். சியாச்சினில் இருந்ததற்கு ஒன்று, உயர்மலைப் பகுதிக்கு ஒன்று, வெளிநாட்டுப் பணிக்கு ஒன்று. இவை எதுவும் அலங்காரம் இல்லை, ஒவ்வொன்றும் வீட்டைவிட்டு இருந்த குளிர்காலங்களின் கணக்கு. ஆனால் அவற்றை வீரப் பதக்கம் என்று சொல்லக்கூடாது.

பார்க்கத் தெரிந்தால் ரிப்பனே பேசும். பதக்கங்கள் இடப்பக்க மார்பில் இருக்கும். சட்டைப் பொத்தானுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் உயர்ந்தது. அதாவது எதிரில் நின்று பார்க்கும் நமக்கு இடமிருந்து வலமாக மதிப்பு இறங்கும். முதலில் அந்த இடத்தைப் பாருங்கள்.

வெறும் ஊதா நிறம் என்றால் பரம் வீர் சக்ரா. பாதி வெள்ளை பாதி ஆரஞ்சு, மகா வீர் சக்ரா. பாதி கருநீலம் பாதி ஆரஞ்சு, வீர் சக்ரா. இந்த மூன்றும் எதிரிக்கு நேர்முன்னே காட்டிய வீரத்துக்கு. பச்சை ரிப்பனில் ஒரு ஆரஞ்சுக் கோடு இருந்தால் அசோக் சக்ரா, இரண்டு கோடு கீர்த்தி சக்ரா, மூன்று கோடு சௌர்ய சக்ரா. கோடு கூடக்கூடத் தரம் இறங்கும் என்பதை நினைவில் வையுங்கள், பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். இவை போர்க்களத்துக்கு வெளியே, தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கை, மீட்புப் பணி போன்றவற்றில் காட்டிய வீரத்துக்கு. பொதுமக்களுக்கும் கொடுக்கலாம். 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியான் பகுதியில் உயிரிழந்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்குக் கிடைத்தது அந்த ஒற்றைக் கோட்டுப் பச்சை.

சிவப்பில் நடுவே ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு இருந்தால் சேனா பதக்கம். இங்கே மட்டும் ரிப்பனை நம்பி முடிவு செய்யாதீர்கள். சேனா பதக்கம் வீரத்துக்கும் கொடுக்கப்படுகிறது, சிறந்த பணிக்கும் கொடுக்கப்படுகிறது. அரசிதழில் அவர் பெயர் எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்பதைப் பார்த்தால்தான் தெரியும்.

காயப் பதக்கம் தனி. அது செயலுக்காகக் கொடுப்பதில்லை, எதிரியின் தாக்குதலில் பட்ட காயத்துக்காகக் கொடுப்பது. நம் பழைய சொல்லில், விழுப்புண்ணுக்கு.

கேள்வி: பரம் விசிஷ்ட் சேவா பதக்கமும் பரம் வீர் சக்ராவும் ஒன்றா?
(சேலம் வாசகர்)

இல்லை. பரம் விசிஷ்ட், அதி விசிஷ்ட், விசிஷ்ட் சேவா பதக்கங்கள் மூன்றும் சிறப்பான பணிக்கானவை. மஞ்சள் ரிப்பனில் முறையே ஒன்று, இரண்டு, மூன்று கருநீலக் கோடுகள். தளபதிகள் பெரும்பாலும் ஓய்வுக்கு முன் பெறுவது பரம் விசிஷ்ட். பரம் வீர் சக்ரா இதுவரை 21 பேருக்கே கிடைத்திருக்கிறது. அதில் 14 பேருக்கு மறைவுக்குப் பின். உயிரோடு பெற்ற ஏழு பேரில் இரண்டு பேரை, 1962-ல் தன் சிங் தாப்பாவையும் 1999-ல் யோகேந்திர சிங் யாதவையும், முதலில் இறந்துவிட்டதாகவே அறிவித்தார்கள். தாப்பா சீனர்களிடம் போர்க்கைதியாக இருந்தார். கார்கில் போரில் டைகர் ஹில்லில் பல குண்டுகள் துளைத்த 19 வயது யாதவ் மருத்துவமனையில் இருந்தார். இறந்தது அதே பெயர் கொண்ட இன்னொரு வீரர். பெயரை மட்டும் வைத்துப் பார்க்காமல் சர்வீஸ் நம்பரை வைத்துத் தேடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

கேள்வி: என் மாமனார் ராணுவத்தில் சமையல்காரராக இருந்தவர். துப்பாக்கியே பிடிக்காதவர் என்று உறவினர்கள் கேலி செய்கிறார்கள். வீட்டில் அதனால் மனக்கசப்பு. என்ன பதில் சொல்வது?
(வேலூர் வாசகி)

முதலில் ஒரு திருத்தம். சமையல்காரர், கிளார்க், நாவிதர் யாராக இருந்தாலும் சேர்ந்தவுடன் அடிப்படைப் பயிற்சி உண்டு. துப்பாக்கி பிடித்துச் சுட்டுத்தான் வெளியே வருகிறார்கள். தேவைப்பட்டால் காவலுக்கும் நிற்பார்கள்.

அடுத்து, அந்த வேலை என்ன என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். உங்கள் மாமனார் உயர்மலைப் பகுதியில் இருந்திருந்தால் இது அவருக்குப் பழக்கமான விஷயமாக இருக்கும். 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதி. தண்ணீர் 82 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று அரிசியைப் போட்டால் மேலே குழையும், உள்ளே நறுக்கென்று இருக்கும். பருப்பு வேகவே வேகாது. குக்கர் இல்லாமல் அங்கே சமையல் இல்லை. நம் வீட்டுக் குக்கருக்குள் 120 டிகிரி வரை ஏறும். அங்கே அதே குக்கர் 110 டிகிரியைத் தாண்டினாலே பெரிது. அதனால் நேரம் கூடும், மண்ணெண்ணெய் கூடும். அந்த மண்ணெண்ணெயை யாரோ முதுகில் சுமந்து வந்திருப்பார்கள். குக்கரின் ரப்பர் கேஸ்கட் குளிரில் விறைத்து ஆவி கசியும். அதைச் சூடுபடுத்தித்தான் மூட வேண்டும். தண்ணீர் என்பது பனிக்கட்டியை வெட்டி உருக்குவது. ஒரு பாத்திரம் நிறைய அள்ளிய பனி உருகினால் அடியில் கொஞ்சம்தான் நிற்கும்.

இதில் உயிருக்கு ஆபத்தானது ஸ்டவ்தான். குளிருக்குப் பயந்து கூடாரத்தின் காற்றுவழியை அடைத்துவிட்டு ஸ்டவ் எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை இருக்காது. தலைவலி, தூக்கக் கலக்கம், அப்படியே போய்விடுவார்கள். விடியற்காலை எல்லாரும் தூங்கும்போது எழுந்து, காற்றுவழியைத் திறந்து, அந்தக் குளிரில் நின்று டீ போடுகிறவர் மற்றவர்களின் உயிரைப் பார்த்துக்கொள்கிறவர்.

சியாச்சினில் 1984-ல் இருந்து இறந்தவர்களில் குண்டடி பட்டவர்களைவிடக் குளிரிலும் பனிச்சரிவிலும் உயர நோயிலும் போனவர்களே அதிகம். அங்கே 1987 ஜூன் 26 அன்று பானா சிங் தன் ஆட்களோடு செங்குத்தான பனிச்சுவரில் ஏறி, சுமார் 6,500 மீட்டர் உயரத்திலிருந்த சாவடியைப் பிடித்தார். பரம் வீர் சக்ரா அவருக்குப் போனது சரியே. அந்தச் செயலை யாரோடும் பங்கு போட வேண்டியதில்லை. ஆனால் அப்படி ஒரு ஏற்றத்துக்கு முன்னால் யாரோ சமைத்திருக்கிறார்கள், யாரோ சுமந்திருக்கிறார்கள். உறவினர்களிடம் வாதாட வேண்டாம். அடுத்த முறை மாமனாரிடம், 'எவ்வளவு உயரத்தில், எத்தனை பேருக்கு, எதை வைத்துச் சமைத்தீர்கள் மாமா?' என்று அவர்கள் எதிரிலேயே கேளுங்கள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

கேள்வி: போரில் கால் இழந்தவர் அதன்பிறகு சாதித்தால்தான் வீரரா? 'இரும்பு மனிதர்' என்றெல்லாம் எழுதுகிறார்களே.
(மதுரை வாசகர்)

காயத்தோடு அமைதியாக வாழ்கிறவரும் ஒரு குறையும் இல்லாதவர்தான். சாதனையை யாரிடமும் நிபந்தனையாக வைக்கக்கூடாது. ஆனாலும் காயத்துக்குப் பிறகு செய்ததைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டியவர்கள் உண்டு.

கூர்க்கா படையின் இயன் கார்டோசோ 1971 போரில் கண்ணிவெடியை மிதித்தார். மருத்துவரும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை. சிதைந்த காலைத் தன் குக்ரியாலேயே (கூர்க்காக்களின் வளைந்த கத்தி) வெட்டிக்கொண்டார். அந்த நொடியை எல்லாரும் பேசுகிறார்கள். அதைவிடக் கடினமானது அதன்பிறகு நடந்தது. காலாட்படைக்குத் தலைமை ஏற்க அவர் தகுதியானவரா என்ற சந்தேகத்தை, செயற்கைக் காலோடு உடற்தகுதித் தேர்வுகளில் நின்று தீர்த்தார். பட்டாலியனுக்கும் பிரிகேடுக்கும் தலைமை தாங்கிய முதல் மாற்றுத்திறனாளி அதிகாரி அவர்தான். 1965 போரில் குண்டடி பட்ட முரளிகாந்த் பேட்கர் ராணுவத்தில் குத்துச்சண்டை வீரராக இருந்தவர். உடல் தேற நீச்சல் பழகி, 1972-ல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் இந்தியாவின் முதல் தங்கத்தை எடுத்தார். பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது 2018-ல்தான். 46 ஆண்டு. இந்தத் தாமதத்தை நினைத்தால் மனது கனக்கிறது.

முதுகுத்தண்டு காயம்பட்ட வீரர்களுக்குப் புனே அருகே கட்கியில் தனி மறுவாழ்வு மையம் இருக்கிறது. அங்கேயே கை கால் இழந்தவர்களுக்குத் தொழில் கற்றுத்தரும் குயின் மேரிஸ் நிறுவனம் முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து நடக்கிறது.

கேள்வி: கணவர் ஓய்வுபெற்று நான்கு ஆண்டாகிறது. தீபாவளி வந்தால் ஒரு வாரம் தூங்க மாட்டார். தூக்கத்தில் தொட்டு எழுப்பினால் கையை ஓங்குகிறார். 'பட்டாளத்துக்காரன் பயப்படுவானா' என்று சொல்லி மருத்துவரிடம் வர மறுக்கிறார்.
(தர்மபுரி வாசகி)

அம்மா, இது பயமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. சத்தம் கேட்டதும் உடம்பு தானாகப் பாய வேண்டும் என்பது அங்கே உயிரைக் காப்பாற்றிய பழக்கம். வீட்டுக்கு வந்த பிறகும் அது அணையவில்லை. கெட்ட கனவு, திடுக்கிடல், கூட்டத்தைத் தவிர்த்தல், எதிலும் ஒட்டாமை ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாடத்தைக் கெடுத்தால், மனநல மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை. சிகிச்சையில் தேறக்கூடியது.

வீட்டில் இன்றிலிருந்தே செய்யக்கூடியவை சில. தொட்டு எழுப்பாதீர்கள். கால்மாட்டுப் பக்கம் இரண்டு மூன்று அடி தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், விளக்கைப் போடுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். பட்டாசு விஷயத்தில், சத்தத்தைவிட எதிர்பாராத சத்தம்தான் கெடுக்கிறது. பக்கத்து வீட்டாரிடம் எத்தனை மணிக்கு வெடிப்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டுச் சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் உள்ளறையில் மின்விசிறியும் டிவியும் ஓடட்டும். கேன்டீன் ரம் தூக்கத்துக்கு உதவுவதாக அவருக்குத் தோன்றும். முதல் இரண்டு மூன்று மணிநேரம் அடித்துப்போட்டாற்போல் தூங்கவைத்து, பின்னிரவில் கனவோடு எழுப்பிவிடுவதும் அதே ரம்தான்.

'மனநல மருத்துவர்' என்ற சொல்லில் தொடங்காதீர்கள். 'தூக்கத்துக்கும் காது இரைச்சலுக்கும் காட்டிவிட்டு வரலாம்' என்று முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈசிஎச்எஸ் பாலிகிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். பீரங்கிப் படையில் இருந்தவர்களுக்குக் காது இரைச்சல் சாதாரணம், அதுவும் தூக்கத்தைக் கெடுக்கும். அங்கிருந்து சிறப்பு மருத்துவருக்குப் பரிந்துரை வாங்கலாம். முதலில் நீங்கள் மட்டும் பேசிப் பார்க்க வேண்டுமானால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இருபத்துநான்கு மணிநேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அவர் செக்யூரிட்டி வேலைக்காக லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தால், 'இருந்து என்ன பயன்' என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்த அன்றே அதை வீட்டிலிருந்து அப்புறப்படுத்திவிட வேண்டும். அவரைத் தனியாகவும் விடக்கூடாது. இதில் நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

கேள்வி: காலமான அப்பாவின் பதக்கங்கள் கறுத்துவிட்டன. பித்தளைப் பாலிஷ் போடலாமா? விழாவில் நான் அணியலாமா?
(கோவை வாசகர்)

பாலிஷ் வேண்டவே வேண்டாம். பாலிஷில் இருப்பது நுண்ணிய அரைப்பொடி. ஒவ்வொரு தேய்ப்பிலும் உலோகம் கொஞ்சம் போகும், எழுத்தும் சின்னமும் மழுங்கும். பரம் வீர் சக்ராவும் சௌர்ய சக்ராவும் வெண்கலம், அந்தக் கருமையே அதற்குக் கவசம். மகா வீர், வீர், கீர்த்தி சக்ராக்கள் வெள்ளி. எதுவானாலும் உலர்ந்த மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றினால் போதும். கையுறை போட்டு விளிம்பைப் பிடியுங்கள், விரல் வியர்வை தடம் பதிக்கும். ரிப்பனைத் துவைக்காதீர்கள், சாயம் கலந்துவிடும். வெயில் விழும் சுவரில் சட்டம் போட்டு மாட்டினால் இரண்டு மூன்று ஆண்டில் ரிப்பன் வெளுக்கும். பிளாஸ்டிக் உறையில் மூடினால் பச்சைப் பூக்கும். பருத்தித் துணியில் தனித்தனியே சுற்றி, ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலம் முடிந்ததும் பொட்டலத்தை மாற்றுங்கள்.

பதக்கத்தின் விளிம்பைப் பக்கவாட்டில் திருப்பி, சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். பொதுவாக அங்கே சர்வீஸ் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். அதைப் படித்து எழுதி வையுங்கள், கடைசிக் கேள்வியில் தேவைப்படும். பாலிஷ் போட்டவர்கள் முதலில் இழப்பது இந்த எழுத்தைத்தான்.

நினைவஞ்சலி நிகழ்ச்சிகளில் குடும்பத்தினர் அணியலாம். ஆனால் வலப்பக்க மார்பில். இடப்பக்கம் பெற்றவருக்கே உரியது.

கேள்வி: வீரப் பதக்கத்துக்கு மாதாமாதம் பணம் உண்டாமே?
(ராமநாதபுரம் வாசகர்)

உண்டு. 2017 ஆகஸ்ட் 1 முதல் மத்திய அரசு இரட்டிப்பாக்கிய தொகைகள் இவை: பரம் வீர் 20,000 ரூபாய், அசோக் 12,000, மகா வீர் 10,000, கீர்த்தி 9,000, வீர் 7,000, சௌர்ய 6,000, வீரத்துக்கான சேனா பதக்கம் 2,000. மாநில அரசுகள் தருவது தனி. பரம் வீர், மகா வீர், வீர் சக்ரா பெற்றவரின் ஓய்வூதியத்துக்கு வருமான வரியும் இல்லை. குடும்ப ஓய்வூதியத்துக்கும் அப்படியே.

பிரச்சினை வருவது அவர் காலமான பிறகு. குடும்ப ஓய்வூதியம் வந்துவிடும், பதக்கத் தொகை மட்டும் நின்றுபோகும், மனைவிக்கு அது தனிக் கணக்கு என்றே தெரியாது. பிபிஓ (ஓய்வூதிய ஆணை), பதக்கத்துக்கான அரசிதழ் அறிவிப்பின் நகல், இறப்புச் சான்று, வங்கிப் புத்தகம் ஆகியவற்றோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். டிஸ்சார்ஜ் புக்கில் (ராணுவத்திலிருந்து விடுவிக்கும்போது தரும் புத்தகம்) மனைவி பெயர் ஒரு மாதிரியும் ஆதாரில் இன்னொரு மாதிரியும் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கணவர் உயிரோடு இருக்கும்போதே செய்தால் ஒரு விண்ணப்பத்தோடு முடியும். பிறகு என்றால் அலைச்சல்தான்.

கேள்வி: ஒருவர் கார்கிலில் வீர் சக்ரா வாங்கியதாகச் சொல்லி நன்கொடை கேட்கிறார். எப்படிச் சரிபார்ப்பது?
(ஈரோடு வாசகர்)

பாதுகாப்பு அமைச்சகத்தின் 'கேலன்ட்ரி அவார்ட்ஸ்' இணையதளத்தில் பதக்கம், ஆண்டு, பெயர் வாரியாகப் பட்டியல் இருக்கிறது. அதில் இல்லையென்றால் சர்வீஸ் நம்பரைக் கேட்டு நல அலுவலகத்தில் விசாரியுங்கள். உண்மையானவர் அந்த நம்பரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

கேள்வி: பள்ளிக் குடியரசு தின விழாவுக்கு ஒரு முன்னாள் படைவீரரை அழைக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
(தஞ்சாவூர் ஆசிரியை)

அழைப்பிதழில் பதவி பெயருக்கு முன்னால், '(ஓய்வு)' பெயருக்குப் பின்னால். ஒரு வாரம் முன்பே போய்ப் பார்த்து, எதைப் பேச விருப்பம், எதைப் பேச விருப்பமில்லை என்று கேளுங்கள். காது மந்தமாக இருக்கலாம். ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் முன்னால் நாற்காலி போடாதீர்கள், வரவேற்புக்கு வெடி வேண்டாம். மாணவர் கேள்விகளை முன்கூட்டியே வாங்கிப் பாருங்கள். 'எத்தனை பேரைக் கொன்றீர்கள்?' என்று ஒரு பிள்ளை நிச்சயம் எழுதியிருக்கும். அதை எடுத்துவிட்டு, 'முதல் குளிர்காலம் எப்படி இருந்தது?', 'கூட இருந்தவர்களில் யாரை அதிகம் நினைக்கிறீர்கள்?', 'வீட்டிலிருந்து கடிதம் வர எத்தனை நாளாகும்?' என்பவற்றைக் கொடுங்கள். பேச்சு நடுவில் நின்றால் யாரும் கைதட்டி நிரப்ப வேண்டாம். அவரே தொடர்வார்.

கேள்வி: அப்பா 1971 போரில் இருந்தார். காயம்பட்ட இருவரை இரவில் தூக்கி வந்தார் என்று அவரோடு இருந்தவர் ஒருவர் சொன்னார். பதக்கம் எதுவும் இல்லை. இப்போது விண்ணப்பிக்க முடியுமா? அப்பாவுக்கு 76 வயது.
(ஆம்பூர் வாசகி)

பதக்கத்துக்கான பரிந்துரை அந்தச் சமயத்திலேயே பட்டாலியனிலிருந்து போயிருக்க வேண்டும். இத்தனை ஆண்டு கழித்துக் குடும்பம் விண்ணப்பித்துப் பெற வழியில்லை. பெற்றுத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆனால் எழுதி வைக்க முடியும். உங்கள் பக்கத்து வேலூரில் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்கிறது. திரும்பி வந்த 263 பேர் அங்கே என்ன செய்தார்கள் என்று அந்தக் கல்லில் ஒரு வரி இல்லை. அவர்கள் வீட்டிலும் யாரும் எழுதவில்லை என்றால் அத்தோடு போயிற்று.

டிஸ்சார்ஜ் புக்கை எடுத்துக்கொண்டு அப்பாவோடு உட்காருங்கள். சர்வீஸ் நம்பர், பட்டாலியன், கம்பெனி, பிளாட்டூன், அப்போதைய பதவி ஆகியவற்றை முதலில் எழுதுங்கள். பதக்கங்களில் பூர்வி ஸ்டார் இருந்தால் கிழக்கு முனை, பஷ்சிமி ஸ்டார் இருந்தால் மேற்கு முனை. அதை வைத்து வரைபடத்தைத் திறந்து இடத்தைத் தேடுங்கள். தேதி நினைவில் இல்லையென்றால் நிலா இருந்ததா, எந்த ஆறு, எந்தப் பக்கம் சூரியன் எழுந்தது என்று கேளுங்கள், அது தேதியைக் கொண்டுவரும். ஒரு நாளைக்கு அரைமணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அன்றிரவு தூக்கம் கெட்டால் நான்கைந்து நாள் விட்டுவிடுங்கள். அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள், நீங்கள் அழகுபடுத்தாதீர்கள். செல்போனில் குரலையும் பதிவு செய்யுங்கள்.

உடன் இருந்தவர் உயிரோடு இருக்கிறார் என்பது உங்களுக்குக் கிடைத்த பெரிய பேறு. அவரிடம் தனியாகப் போய், அப்பா சொன்னதைக் காட்டாமல், அவர் பார்த்ததைக் கேட்டு எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகும் இடம் உறுதியான செய்தி. ஒத்துப்போகாத இடத்தை அழிக்காமல் அப்படியே விடுங்கள். தூக்கி வரப்பட்ட இருவரின் பெயர், ஊர் தெரிந்தால் சேருங்கள். அவர்கள் வீட்டில் இந்தக் கதை வேறு பக்கத்திலிருந்து சொல்லப்பட்டுக்கொண்டிருக்கலாம்.

மூன்று பிரதி எடுங்கள். ஒன்று வீட்டில். ஒன்று அந்த நண்பரிடம். இன்னொன்றை, அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டனில் உள்ள ரெஜிமென்ட் மையத்துக்கும், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு மையத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அப்பாவின் கையெழுத்தும் அன்றைய தேதியும், அந்த நண்பரின் பிரதியில் அவர் கையெழுத்தும் இருக்கட்டும்.